கம்பி சொல்லும் செய்தி

தூத்துக்குடிக் கடலில் பெருமளவிலான முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கல் கட்டிய கயிற்றின் துணையால் ஒருவர் கடலடிக்கு இறங்கிச் சிப்பி சேகரிப்பார். தோணியில் இருப்பவர் அவரோடு பிணைந்த மற்றொரு கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு அசைந்ததும் மேலே இழுத்தாக வேண்டும். கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருத்தல் வேண்டும் என்று இக்கடற்கரையில் சொல்வதுண்டு. உடன்பிறந்தவளின் தாலி அவர் கையில் அல்லவா இருக்கிறது! ஆனால், கயிறு அசையாதிருந்தால் என்ன பொருள்? கீழே இருப்பவர் நலமாகவும் இருக்கலாம். கயிறு பாறையில் சிக்கியும் இருக்கலாம்.

கப்பல் பணிக்குச் சென்றோர் மாதக்கணக்கில் பூட்டி வைக்கும் வீடுகளிலும் இதே ஐயம் எழுகிறது. கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு காந்தச் சாவி, அங்கிருந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு இரு கம்பிகள்: திருட்டை உணர்த்தும் மணியின் எளிய அமைப்பு இதுவே. கதவு மூடியிருக்கும்வரை சுற்றில் மின்னோட்டம் பாயும். திறந்தால் தடைப்பட்டு மணி ஒலிக்கும். கம்பியை அறுத்தாலும் ஒலிக்கும். ஆனால், இரு கம்பிகளும் உரசி ஒன்றோடொன்று இணைந்துவிட்டால், கதவு அகலத் திறந்தாலும் பெட்டி அதை அறியாது. வீடு காவலின்றிக் கிடக்கும். உரிமையாளரோ காவல் இருப்பதாகவே நம்பியிருப்பார்.

இதற்குத் தீர்வு, சில ரூபாய் விலையுள்ள இரண்டு மின்தடையாக்கிகள். ஒவ்வொன்றும் 5600 ஓம் எனக் கொள்வோம். ஒன்றைச் சாவியோடு தொடராகவும் மற்றொன்றைச் சாவிக்கு இணையாகவும் பொருத்த வேண்டும். கதவு மூடியிருக்கையில் மூடிய சாவி இணைத்தடையை விலக்கிவிடுவதால் பெட்டி 5600 ஓம் காணும். கதவு திறந்தால் இரண்டும் சேர்ந்து 11,200 ஓம் ஆகும். கம்பி அறுந்தால் தடை முடிவிலி. கம்பிகள் இணைந்தால் ஏறக்குறைய சுழி. ஆக, திருடன் வந்தானா, கம்பி பழுதுற்றதா என்பதைப் பெட்டி பிரித்தறியும்.

மின்தடையாக்கிகளைச் சாவியின் அருகிலேயே பொருத்துதல் இன்றியமையாதது. வேலை எளிது என்பதற்காகச் சிலர் அவற்றைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே இணைத்துவிடுவர். அவ்வாறு செய்தால் வழியில் கம்பிகள் இணைந்தாலும் பெட்டி தன்னுள் இருக்கும் தடையையே அளந்து, யாவும் நலம் என்று காட்டும். கயிற்றின் மறுமுனையைத் தோணியிலேயே கட்டிவிட்டுக் கடலடியைக் காப்பதாக எண்ணுவது போன்றது இது.

உப்புக்காற்று வீசும் ஊர்களில் இம்முறைக்கு மற்றொரு பயனும் உண்டு. அங்கே செப்புக் கம்பிகளின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறி, தடை சிறிது சிறிதாக உயரும். தடையின் அளவைக் காட்டும் பெட்டியாயின், 5600 ஓம் இருந்த இடத்தில் 6000, 6300 என எண் ஏறுவதைக் கண்டு, கம்பி அறும் முன்பே அந்த இணைப்பைத் தேடிப் புதுப்பித்துவிடலாம்.