வள்ளத்தில் ஏறுமுன்

வயலும் வண்டியும் பழகிய நமக்கு வள்ளம் புதிது. ஆயினும் 1990களின் தொடக்கத்தில், ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்த வேளை, நம்மவர் பலர் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் சிறு இயந்திர வள்ளங்களில் கடந்தனர். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று பிள்ளைகளுடன் களப்பிலோ குளத்திலோ உல்லாசமாகச் சுற்றிவருவதற்கு அந்த ஆபத்தை ஏற்கத் தேவையில்லை.

2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து, பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அது குறுகிய பயணமே. கரை தெரிகிறது என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணக்கூடாது.

பாரம்

வண்டியில் முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பும். வள்ளமும் அப்படித்தான். பாரத்தைத் தாழ்வாக, நடுவே, இருபுறமும் சமமாக வையுங்கள். ஒரு மூடை நெல் ஏறக்குறைய ஓர் ஆளின் பாரம். மூடை ஏறினால் ஆள் குறைய வேண்டும். உள்ளே புகும் நீரும் பாரமே. வள்ளம் சரியும் பக்கத்துக்கே அது ஓடி, மேலும் சரிக்கும். ஆகவே நீர் இறைக்கும் பாத்திரம் எப்போதும் இருக்கட்டும். ஓடும்போது எவரும் எழுந்து நிற்கக்கூடாது.

உயிர்காப்பு அங்கி

அங்கியை ஆசனத்தின் கீழ் வைப்பதால் பயனில்லை. கரையிலேயே அணிந்து, பட்டிகளை இறுக்க வேண்டும். பெரியவரின் அங்கி பிள்ளைக்குப் பொருந்தாது; தண்ணீரில் கழன்றுவிடும்.

இயந்திரம்

பெற்றோல் நிரப்பும்போது இயந்திரத்தை நிறுத்துங்கள், புகைக்காதீர்கள். பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. வள்ளத்தின் அடியில் தங்கி, ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும்.

பல இயந்திரங்களில் நிறுத்தற் கயிறு உண்டு. அதை ஓட்டுபவர் தம் உடலில் மாட்டிக்கொண்டால், அவர் விழுந்ததும் இயந்திரம் நின்றுவிடும். மாட்டாவிட்டால் ஓட்டியில்லாத வள்ளம் வட்டமிட்டு, விழுந்தவர் மீதே திரும்பி வரலாம். நீரில் உள்ள ஒருவரைத் தூக்குமுன் இயந்திரத்தை முற்றாக நிறுத்துங்கள். சுழலும் விசிறி உடலைக் கிழித்துவிடும்.

கவிழ்ந்தால்

கரையை நோக்கி நீந்தத் துணியாதீர்கள். மிதக்கும் வள்ளத்தைப் பற்றிக்கொண்டு ஒன்றாக இருங்கள். தனி ஆளை விட வள்ளமே தேடுவோர் கண்ணில் விரைவில் படும். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் முன்னரே வீட்டில் சொல்லியிருந்தால் தேடவும் ஆள் வரும்.

வானம் கறுத்தாலோ, ஓட்டுபவர் குடித்திருந்தாலோ, அங்கி போதாவிட்டாலோ ஏறாதீர்கள். ஏறிவிட்டாலும், கரை விடுமுன் பிள்ளைகளுடன் இறங்கிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.