சம்பளத்துக்கு வரும் சிநேகிதி

அமெரிக்காவில் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுவோரின் அந்தரங்கக் குறிப்புகளைக் காக்கும் விதிகள் திருத்தி எழுதப்பட்டிருப்பதையும், அத்திருத்தத்துக்குச் சிகிச்சை நிலையங்கள் இணங்கியாக வேண்டிய கெடுவாக 2026 பிப்ரவரி 16 குறிக்கப்பட்டிருப்பதையும் பற்றி இப்பத்திரிகையில் சில வரிகள் வெளிவந்ததன்பேரில் வந்து குவிந்த கடிதங்களில் பெரும்பாலானவை, விதியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல், செய்தியின் கடைசி வரியில் போகிற போக்கில் குறிப்பிடப்பட்ட ‘ரிகவரி கோச்’ என்ற ஆளைப் பற்றியே கேட்கின்றன. சிலர் அவரை டாக்டர் என்று நினைத்துவிட்டார்கள். சிலர் குடியை விட்டவர்களின் சங்கத்து மூத்த அங்கத்தினர் என்கிறார்கள். ஒருவர் போலீஸ் ஆள்தானே என்று நேரடியாகவே கேட்டுவிட்டார். மூன்றாவது சந்தேகத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

மது எப்படிப் பிடித்துக்கொள்கிறது, மாத்திரை எப்படி ஊசியாகிறது, விட்ட முதல் வருஷம் ஏன் மற்ற வருஷங்களைவிடக் கொடியது என்பதையெல்லாம் இங்கே விவரிக்கப் போவதில்லை. குடியைப் பக்கத்தில் இருந்து பார்க்காத குடும்பம் நம் வாசகர்களில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது?

அங்கத்திய சர்க்கார் அறிக்கைகள் இந்தக் கோச்சை, தம் வாழ்வனுபவத்தையே கருவியாகக் கொண்டு பிறரை மீட்சிப் பாதையில் ஊக்குவிக்கும் பயிற்சி பெற்றவர் என்று வர்ணிக்கின்றன. வர்ணனையில் பொய் ஒன்றும் இல்லை. கூலி என்ற சொல்தான் இல்லை. தானும் அதே பள்ளத்தில் விழுந்து எழுந்து, இப்போது எழுந்துகொண்டிருப்பவளுக்குப் பக்கத்தில் நிற்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவள் என்று சொன்னால் விஷயம் முழுமையாகும். வழித்துணை என்று அவளை இக்கட்டுரையில் அழைப்போம்.

இந்த உறவு சம்பளத்தோடு பிறந்ததல்ல. 1935இல் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ஒரு பங்குத்தரகரும் ஒரு டாக்டரும் தத்தம் குடியை ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டதிலிருந்து கிளைத்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கத்தில், புதிதாக வந்தவருக்குத் துணை நிற்கும் ஸ்பான்சருக்குக் காலணா கிடையாது, கணக்கும் கிடையாது. துணை நிற்பதே அவர் மறுபடி குடிக்காமல் இருப்பதற்கு மருந்து என்பது அச்சங்கத்தாரின் சித்தாந்தம். அகங்காரத்தை அடக்கச் சொல்லும் அந்த முறை ஆண்களுக்குச் சரிப்படலாம், ஏற்கெனவே குற்ற உணர்ச்சியால் தலைகுனிந்து நிற்கும் பெண்ணுக்கு வேண்டியது தன்னம்பிக்கையே என்று வாதாடி, ஜீன் கர்க்பாட்ரிக் என்ற அம்மையார் 1975இல் பெண்களுக்கென்றே ஒரு தனி ஸ்தாபனம் கண்டார். அதிலும் துணைக்கு விலை வைக்கவில்லை. விலை வந்தது 2007 ஆகஸ்ட் 15இல். ஏழைகளின் வைத்தியச் செலவை ஏற்கும் மெடிகெய்டை நிர்வகிக்கும் மத்திய இலாகா, தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வை, சிகிச்சைத் திட்டத்தோடு இணைப்பு, பயிற்சியும் சான்றிதழும் என்ற மூன்று நிபந்தனைகள் நிறைவேறினால் இத்தகைய துணைக்கும் பணம் கொடுக்கலாம் என்று மாநிலங்களுக்கு அன்று கடிதம் எழுதிற்று. நல்ல காரியந்தான், ஏழைப் பெண்ணுக்கு ஒரு துணையும், வேறு எவரும் வேலை கொடுக்கத் தயங்கும் முன்னாள் போதை அடிமைக்கு ஒரு கௌரவமான ஜீவனோபாயமும் ஒருங்கே கிடைத்தன.

ஆனால் சர்க்கார் பணம் ரசீது இல்லாமல் நகராது. மெடிகெய்டின் கணக்குப் புத்தகத்தில் இந்தச் சேவைக்கு எச்0038 என்று ஒரு குறியீடு உண்டு. அதன் அளவை, பதினைந்து நிமிஷம் ஓர் அலகு. பணம் வர வேண்டுமானால், ஒவ்வொரு சந்திப்புக்கும் தேதி, ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், சிகிச்சைத் திட்டத்தின் எந்த லட்சியத்தை அது சார்ந்தது, என்ன செய்யப்பட்டது, அதற்குச் சேவை பெறும் பெண் எவ்வாறு எதிர்வினை காட்டினாள் என்பனவற்றை எழுதி வழித்துணை கையொப்பமிட வேண்டும். இந்தக் குறிப்பைப் பற்றித்தான் வாசகர்கள் கவலைப்பட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மற்ற சந்தேகங்கள் எல்லாம் இதற்குப் பிற்பாடு.

போதையை விட்டு நாற்பது நாள் ஆன ஒரு பெண், வேறொருவர் பராமரிப்பில் இருக்கும் தன் குழந்தையைப் பார்க்க அனுமதிக்கப்பட்ட ஒரு மணி நேரம் முடிந்து, வழித்துணையின் காரில் முன்ஸீட்டில் வந்து உட்கார்ந்து, நேற்று இரவு தான் முன்பு சரக்கு வாங்கிய தெருமுனை வரைக்கும் நடந்து போய், விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டதாகச் சொல்லி அழுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வழித்துணை ஒன்றும் பேசவில்லை. அவளும் ஒரு காலத்தில் அந்த மாதிரிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள். பேசினால் கெட்டுவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அரை மணி நேரம் மௌனமாக உட்கார்ந்திருந்துவிட்டு, ஆளுக்கொரு காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் பிரிகிறார்கள். மணி 2.10 முதல் 2.55 வரை; மூன்று அலகு. இப்போது வழித்துணை என்ன எழுதுவாள்? மௌனத்துக்கு அலகு கிடையாது; காப்பி எந்த லட்சியத்தையும் சாராது. ஆகவே, ‘தூண்டுதல்களை இனங்காணும் திறன் பற்றி விவாதிக்கப்பட்டது, முன்பு போதைப் பொருள் வாங்கிய இடத்தை அணுகியதாகச் சேவை பெறுபவர் தெரிவித்தார்’ என்று எழுதுவாள். அந்தப் பெண் திரும்பி வந்ததுதான் அன்றைய தினத்தின் முக்கியமான சம்பவம். குறிப்பில் எஞ்சுவதோ அவள் போனது.

வழித்துணையின் நேர்மையில் இங்கே குறை எதுவும் இல்லை. குறிப்பு இல்லாவிட்டால் நடக்காத சந்திப்புகளுக்கும் பணம் கோரும் பேர்வழிகள் கிளம்பிவிடுவார்கள் என்ற சர்க்கார் தரப்பு வாதத்தையும் ஒப்புக்கொள்கிறேன். சில நிலையங்களில், அந்தப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குறிப்பை எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டிய பிறகு கையொப்பமிடும் வழக்கம் இருக்கிறது. அது உத்தமமான வழக்கம், எங்கும் பரவ வேண்டும்.

குறிப்புக்குப் பயப்படுவது பெண்களுக்கே ஏன் அதிகம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு சங்கதிகள். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியொன்றில், பிரசவத்துக்காக வந்த பெண்களின் சிறுநீரை அவர்களுடைய சம்மதம் இல்லாமல் கொக்கெயினுக்காகச் சோதித்துப் போலீஸாரிடம் முடிவைக் கொடுத்த ஏற்பாடு 1989இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நடந்தது. அது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது 2001இல். வைத்தியர் கையில் இருக்கும் காகிதம் காவலர் கைக்குப் போகும் என்ற பயம் ஆகவே கற்பனையல்ல. மற்றொன்று, 1997ஆம் வருஷத்துச் சட்டம்: குழந்தை சமீபத்திய 22 மாதங்களில் 15 மாதங்கள் சர்க்கார் ஏற்பாட்டில் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்துவிட்டால், சில விலக்குகள் நீங்கலாக, தாய் தந்தையரின் உரிமையையே ரத்து செய்யும்படி மாநிலம் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். குழந்தை நலத்தின் பொருட்டு இயற்றப்பட்டது என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் போதையிலிருந்து மீள்வது பஞ்சாங்கம் பார்த்து நடக்கும் காரியமல்ல. மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஓபியாய்டு வியாதியுள்ள தாய்மார்களைப் பற்றி 2018இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, அளவு மீறி மயங்கும் அபாயம் பிரசவத்துக்கு முந்திய மாதங்களில் மிகக் குறைவாகவும், பிரசவித்த ஏழாவது மாதத்திலிருந்து பன்னிரண்டாவது மாதத்துக்குள் மிக அதிகமாகவும் இருப்பதைக் காட்டிற்று. எவரும் வந்து பார்க்காத மாதங்கள் அவை. வழித்துணையிடம் உள்ளதை உள்ளபடி சொல்லியாக வேண்டிய மாதங்களும் அவைதாம்.

இனி, ஆரம்பத்தில் சொன்ன கெடு. போதைச் சிகிச்சைக் குறிப்புகளுக்கு மற்ற வைத்தியக் குறிப்புகளுக்கு இல்லாத பிரத்தியேகக் காவல் ஒன்று 1970களிலிருந்தே அங்கு உண்டு. யாருக்குக் கொடுக்கலாம் என்று நோயாளி பெயர் சுட்டிச் சம்மதித்தாலன்றி, பெரும்பாலும் வெளியே போகாமலிருந்தது. புதிய விதியோ சிகிச்சை, பணப் பட்டுவாடா, நிர்வாகம் ஆகிய மூன்றுக்கும் வருங்காலம் முழுவதற்கும் ஒரே கையெழுத்துப் போதும் என்கிறது. அவ்வாறு பெற்றுக்கொண்ட ஆஸ்பத்திரியோ இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியோ, பொதுவான வைத்திய ரகசியச் சட்டத்துக்கு உட்பட்டு, மேலும் பிறருக்குக் கொடுக்கலாம். நோயாளிக்கு எதிரான கோர்ட் நடவடிக்கையில் பயன்படுத்தக் கூடாது, அதற்கு அவளுடைய தனிச் சம்மதமோ கோர்ட் உத்தரவோ வேண்டும் என்ற தடையைப் புதிய விதி இறுக்கியிருப்பதை உத்தியோகஸ்தர்கள் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறார்கள். பெருமைக்குரியதே. ஆயினும், பதினைந்து மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கையில், குழந்தைகள் நல இலாகாவின் அதிகாரி ஒரு சம்மதப் பத்திரத்தை நீட்டினால், ஒத்துழைக்காதவள் என்ற பெயர் வந்துவிடுமோ என்று நடுங்கும் தாய் கையெழுத்துப் போடாமல் இருப்பாளா? அந்தச் சம்மதத்தைச் சட்டம் சம்மதம் என்கிறது. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இதற்கு மேல், குழந்தைக்குத் தீங்கு நேர்கிறது என்ற சந்தேகத்தை உரிய இலாகாவுக்குத் தெரிவிப்பதை இந்தக் காவல் தடுப்பதே இல்லை.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது, 1997இல் கிளீவ்லாந்தில் தொடங்கிப் பிறகு கெண்டக்கிக்குப் போன ஸ்டார்ட் என்ற திட்டம் எனக்கு விசித்திரமாகவும் ஓரளவு ஆறுதலாகவும் படுகிறது. அங்கே வழித்துணை, குழந்தைகள் நல இலாகா அதிகாரியோடு ஜோடியாகவே வீட்டுக்கு வருகிறாள். அவள் குறைந்தது மூன்று வருஷம் போதையைத் தொடாதவளாகவும், அதே இலாகாவின் கையில் தானும் ஒரு காலத்தில் சிக்கியவளாகவும் இருக்க வேண்டும். சிநேகிதியும் இலாகாவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது முதல் நாளே தெரிந்துவிடுகிறது. 2012இல் வெளியான ஆராய்ச்சியின்படி, இத்திட்டத்தில் சேர்ந்த குடும்பங்களின் குழந்தைகளில் 21 சதவீதம் பேரே சர்க்கார் பராமரிப்புக்குப் போனார்கள். சேராதவர்களில் 42 சதவீதம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆராய்ச்சியல்ல, எழுதியவர்களில் திட்டத்தோடு சம்பந்தப்பட்டவர்களும் உண்டு. ஆகவே பாதியாகக் குறைந்தது என்று முழங்குவதைச் சற்றுத் தள்ளி நின்றே கேட்க வேண்டும். ஆனாலும், ஒளிவு மறைவின்றிச் சர்க்கார் ஆளாக வரும் துணை, வெறும் சிநேகிதியாக வந்துவிட்டு ராத்திரி குறிப்பு எழுதும் துணையைவிட நாணயமானது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

எஞ்சிய கேள்விகளுக்குச் சுருக்கமாக.

சங்கத்து ஸ்பான்சரும் வழித்துணையும் ஒன்றா? இல்லை, ஸ்பான்சருக்குச் சம்பளமும் குறிப்பும் இல்லை. ஆனால் சங்கத்தாரிடம் சொன்னதற்குக் கோர்ட்டில் ரகசியப் பாதுகாப்பு உண்டு என்று நம்பியிருக்கவும் முடியாது. நியூயார்க் கொலை வழக்கொன்றில் அப்படிப்பட்ட வாக்குமூலம் பயன்பட்டது செல்லும் என்று 2002இல் மேல்கோர்ட் தீர்ப்பளித்தது.

சம்பளமில்லாத தொண்டர் வழித்துணையாக வந்தால்? அவர் சிகிச்சை நிலையத்தைச் சேராதவரானால் இந்தப் பிரத்தியேகக் காவல் அவர் பேச்சுக்குப் பொருந்தாமலே போகலாம்.

ஆண் வழித்துணை பெண்ணுக்கு வரலாமா? சட்டம் குறுக்கே நிற்காது, ஆனாலும் பெண்ணே வேண்டும் என்று கேளுங்கள்.

வழித்துணை மாத்திரையை நிறுத்தச் சொன்னால்? டாக்டர் அல்லர், சொல்லக் கூடாது.

நம் நாட்டில்? தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் மது அருந்தும் பெண்கள் 1.6 சதவீதம், ஆண்கள் 27.3. உதவிக்கு 14446 என்ற மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது.

அங்கே மகளோ தங்கையோ இருப்பவர்கள் அவளுக்குச் சொல்ல வேண்டியது இதுவே: வழித்துணை வேண்டாம் என்று சொல்லாதே, முதல் சந்திப்பில், உனக்குச் சம்பளம் தருவது யார், நீ எழுதுவதை யார் படிப்பார், எதை நீ கட்டாயம் மேலே சொல்லியாக வேண்டும் என்ற மூன்றையும் கேட்டுக்கொள். 2026 பிப்ரவரி 16க்குப் பிறகு நீட்டப்படும் எந்தச் சம்மதப் பத்திரத்திலும், முழுவதும் படித்துப் பார்த்து ஒரு பிரதி வாங்கிக்கொள்ளாமல் கையெழுத்துப் போடாதே.