சைக்கிளை விட்டு இறங்கு!

கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அங்கே கொழுந்தெடுக்கத் தமிழர்கள் மலையேறியபோது, மலாயாத் தோட்டங்களின் பதவி ஏணியும் கூடவே ஏறியது: பெரிய துரை, சின்ன துரை, கிராணியார் (எழுத்தர்), மண்டோர் (மேற்பார்வையாளர்), கடைசியில் தொழிலாளி. துரைக்கு மேட்டில் பங்களா, கிராணிக்குத் தனி வீடு, தொழிலாளிக்கு லயம் எனும் வரிசைக் குடியிருப்பு. யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதை வாய்விட்டுச் சொல்லத் தேவையே இல்லை, இருப்பிடமே சொல்லிவிடும். இந்தப் பதவிப் பகட்டை மனித பலவீனம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது நிர்வாகத்தின் கருவியாகவே படுகிறது. கூலியை உயர்த்தினால் முதலாளிக்குச் செலவு. கும்பிடு போட வைத்தால் ஒரு காசும் செலவில்லை.

இதற்குச் சான்று மலையடிவாரத்துக்கு அப்பால், சிலாங்கூர் ரப்பர் தோட்டங்களில் இருக்கிறது. 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு, பள்ளி, மருத்துவம், கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ ஆசிய அலுவலரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். வயிற்றுக்காகப் போராடியவர்கள் சைக்கிளையும் சேர்த்துக்கொண்டது அற்பமல்ல. கைக்காசில் வாங்கிய வண்டி அது. ஏறி மிதித்தால் தொழிலாளியின் தலை நடந்துபோகும் கிராணியின் தலைக்கு மேலே போய்விடும். பொறுக்குமா? ஏணியின் நடுப்படியில் நிற்பவருக்குத்தான் பெருமை அதிகம் தேவைப்படுகிறது. மேலே ஏற வழியில்லாதவர், கீழே இருப்பவரின் பணிவை வைத்துத்தான் தன் உயரத்தை அளந்துகொள்கிறார். அரசு அந்தப் போராட்டத்தைப் படையை வைத்து அடக்கி, நாதனை நாடு கடத்தியது.

பதவி வேறுபாடு இல்லாமல் வேலை நடக்குமா என்று கேட்கலாம். நடக்காது. கொழுந்தை நிறுக்கவும் ஆலையில் பதம் பார்க்கவும் பொறுப்பாளர் வேண்டும். அவருக்குக் கூடுதல் சம்பளமும் நியாயம்தான். ஆனால் சைக்கிளை விட்டு இறங்குவதால் ஒரு கிலோ கொழுந்தும் கூடப் போவதில்லை. வேலைக்கு உதவாத மரியாதை, அதிகாரத்துக்கு மட்டுமே உதவுகிறது.

அதெல்லாம் பழங்கதை என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. கேமரன் மலைச் சரிவுகளில் இன்று வங்காளதேசிகள், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள் வேலை செய்கிறார்கள். ஏணி அப்படியே நிற்கிறது. கடைசிப் படியில் நிற்பவர்தான் மாறியிருக்கிறார். அவருடைய வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. மரியாதைக் குறைவாக நடத்தினாலும், வேறு தோட்டத்துக்குப் போய்விடுகிறேன் என்று அவரால் சொல்ல முடியாது.