உப்புக் காற்றில் நிற்கும் சுவருக்கு என்ன நிறம்?

மரக்காணம் உப்பளங்களில் ஒரே வெயில் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. மிதித்து இறுக்கிய கருத்த களிமண் பாத்தி வெயிலை உள்வாங்கி, மேலே நிற்கும் உப்புநீரைச் சூடேற்றி ஆவியாக்குகிறது. வரப்பில் குவித்த வெள்ளை உப்போ விழுந்த வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நண்பகலில் அந்தக் குவியலைப் பார்த்தால் கண் கூசுவது அதனால்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் வீடு கட்டி வெளிச்சுவருக்குப் பெயின்ட் தேடுகிறவர்கள் ஷேடு கார்டைப் புரட்டும் முன் இந்தப் பாத்தியையும் குவியலையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பாதி

தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். புதிய வெள்ளைப் பூச்சு மொத்த வெயிலில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பும்; கறுப்புப் பூச்சு திருப்புவது சுமார் 5 சதவீதம்தான். இடைப்பட்ட நிறங்களில் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரண்டு சாம்பல் நிறங்களில், கரித்தூள் நிறமி சேர்ந்தது அகச்சிவப்பையும் விழுங்கும். அகச்சிவப்பைத் திருப்பும் நிறமி சேர்ந்தது குறைவாகவே சுடும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் பேரியம் சல்ஃபேட் கலந்த வெள்ளைப் பெயின்ட்டில் 98.1 சதவீத எதிரொளிப்பை எட்டினர். கடையில் கிடைக்கும் பெயின்ட்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் தாதுவான இல்மனைட், குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடல்மணலிலேயே இருக்கிறது.

திசைக்கு ஒரு பூச்சு

மரக்காணம் ஏறக்குறைய 12 பாகை வடக்கு அட்சரேகையில் உள்ளது. ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆகவே கோடையில் வெப்பத்தை அதிகம் வாங்குவது மொட்டை மாடி. அடுத்தது பிற்பகல் வெயில் அறையும் மேற்குச் சுவர். இவ்விரண்டுக்கும் வெளிர் நிறம் கட்டாயம்.

வடக்குச் சுவரின் சிக்கல் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அங்கே நேர் வெயில் படாது. வடகிழக்குப் பருவமழையின் சாரலோ அங்கேதான் அடிக்கும். நனைந்த சுவர் காயாமல் பாசி பிடித்துக் கறுக்கும். அங்கே நிறத்தைவிடப் பாசி தடுப்புப் பூச்சே முக்கியம்.

கிழக்குச் சுவர் கடலைப் பார்க்கிறது. காலை வெயிலையும் அலை கிளப்பும் உப்புத் துகளையும் முதலில் வாங்குகிறது. பளிச்சென்ற சிவப்பு, ஊதா போன்றவற்றுக்கான கரிம நிறமிகள் பலவற்றின் மூலக்கூறுப் பிணைப்பைப் புற ஊதாக்கதிர் அறுத்துவிடும், நிறம் வெளுக்கும். காவியும் மஞ்சள் காவியும் இரும்பு ஆக்சைடு வகை. ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்து நிலைபெற்றவை என்பதால் அவை எளிதில் வெளுப்பதில்லை. புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியில் காணும் மஞ்சள் சாயலை இன்னும் வெளிராக்கினால் இந்தக் கடற்கரைக்கு நன்றாகப் பொருந்தும்.

சுவர் பூப்பது எதனால்?

காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கடலோர இரவிலும் பகலிலும் இது மாறி மாறி நடக்கிறது. தரையிலிருந்து ஓதம் ஏறிக் கொண்டுவந்த உப்பு, காரைத் துளைகளுக்குள் படிகமாக வளர்ந்து நெட்டித் தள்ளும். காற்றுப் புகாத பெயின்ட் படலம் மேலே இருந்தால் உப்பு அதன் அடியிலேயே சேர்ந்து, படலம் கொப்பளித்து உரிந்துவிடும். அடர்ந்த நிறத்தில், வெளியே படியும் உப்பின் வெண்பூப்பு எடுப்பாகத் தெரியும். போதாததற்கு, அடர் நிறச் சுவர் வெயிலில் கூடுதலாக விரிந்து சுருங்குவதால் விரிசல் வளர்ந்து உப்புநீருக்கு வழி திறக்கும்.

கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பால் வெள்ளையடித்த முன்னோர் இதற்குத் தக்க வழியையே பிடித்திருந்தார்கள். நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும். நுண்துளைகள் அடையாது, ஈரம் ஆவியாகி வெளியேறும். ஜெர்மானியர் கைம் 1878-ல் காப்புரிமை பெற்ற சிலிகேட் பெயின்ட்டும் ஈரத்தை இப்படியே வெளியேற விடும்.

எனவே மழை ஓய்ந்து சுவர் நன்றாகக் காயும்வரை பெயின்ட் வேலையைத் தள்ளிவையுங்கள். பூத்த உப்பை ஈரத்துணியால் துடைத்தால் அது கரைந்து மறுபடி சுவருக்குள் போகும். உலர்ந்த தூரிகையால் உதிர்த்து அள்ளிவிடுங்கள். ஓதம் ஏறும் வழியை அடைத்த பிறகே பிரைமர்.

இந்த அறிவு புதிதாக வீடு கட்டுகிறவர்களோடு நின்றுவிடக் கூடாது. வெயிலைத் திருப்பும் பூச்சால் வீட்டின் வெப்பத்தைக் குறைக்கும் குளிர் கூரைக் கொள்கையைத் தெலங்கானா 2023-ல் அறிவித்தது. தமிழகத்தில் அரசுப் பள்ளிக் கூரைகளில் இத்தகைய பூச்சு அடிக்கும் பணி தொடங்கியிருக்கிறது. நாளெல்லாம் உப்பின் கூச்சத்தில் உழைத்துவிட்டு, சிமென்ட் சீட் கூரையின் கீழ் படுக்கப் போகும் தொழிலாளிக்குத்தான் வெள்ளைக் கூரையின் தேவை அதிகம். கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தால், மழையில் தேய்ந்து போகும் அதை ஆண்டுதோறும் கோடைக்கு முன் புதுப்பிக்க வேண்டும். அந்தச் சிறு செலவை அரசு ஏற்பது நியாயம்.