ரிவால்வருக்குள் ஒரு சாவித்துவாரம்

தேர்தல் தேதி அறிவித்தாயிற்று. லைசென்ஸ் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும் கெடு நெருங்குகிறது. இந்த வாரத் தபாலில் திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: “அமெரிக்க ரிவால்வர்களில் உள்ளேயே பூட்டு இருக்கிறதாமே, பூட்டி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?” கூடாது. சாவி உங்கள் பையில்தானே இருக்கிறது?

ஆனால் அந்தப் பூட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். 2000 மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் கிளிண்டன் அரசுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 24 மாதத்துக்குள் கைத்துப்பாக்கிகளில் உள்பூட்டு வைப்பதாக ஒப்புக்கொண்டது. துப்பாக்கிப் பிரியர்கள் கொதித்துப்போய் அதன் சரக்கைப் புறக்கணித்தார்கள். 1987இல் 11.25 கோடி டாலர் கொடுத்து வாங்கிய பிரிட்டிஷ் உரிமையாளர் டாம்கின்ஸ், 2001 மே மாதம் வெறும் 1.5 கோடிக்கு நிறுவனத்தைக் கைகழுவியது, கடன் தனி. வாங்கியது யார்? சாஃப்-டி-ஹேமர் என்ற துப்பாக்கிப் பூட்டு நிறுவனம்! ஒப்பந்தம் ஏட்டுச் சுரைக்காய் ஆனது. பூட்டு மட்டும் ரிவால்வருக்குள் குடியேறியது.

இடப்பக்கம், சிலிண்டரைத் திறக்கும் பொத்தானுக்கு மேலே ஒரு சின்னத் துவாரம். கேலிக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஹிலாரி ஓட்டை’. சாவியைத் திருகினால் ஹேமருக்குப் பக்கத்தில் ஒரு சிறு தகடு மேலெழும்பி அதை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஹேமர் நகராவிட்டால் குண்டு வெடிக்காது. கெட்டிக்கார வேலைதான்.

என்னை உறுத்துவது வேறு. திறந்த நிலையில் அந்தத் தகடு கீழேயே கிடப்பது ஒரு குட்டி ஸ்பிரிங்கின் தயவில். எடை குறைந்த உலோகச் சட்டத்தில் மேக்னம் குண்டு வெடிக்கும்போது உதைப்பு பலமாக இருக்கும். அந்த உலுக்கலில் தகடு தானாக மேலேறி ரிவால்வர் பூட்டிக்கொண்டதாகச் சுட்டவர்கள் புகார் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுப் பூட்டு கெட்டால் சாவிக்காரரைக் கூப்பிடலாம். இது கெட்டுப்போகக்கூடிய நேரம், எதிரே ஆள் நிற்கும் நேரம். அபூர்வம் என்று பூட்டை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். அதைச் சரிபார்ப்பது யார்? பொம்மையும் டோஸ்டரும் பழுதென்றால் திரும்பப் பெற வைக்கும் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கியைத் தொட அதிகாரம் கிடையாது. சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே ‘பாதுகாப்புப் பூட்டு’ என்பதில் முதல் சொல்லை, விற்பவர் தரும் வாக்குறுதியாக மட்டும் படியுங்கள்.

மற்ற கேள்விகள்:

சாவி தொலைந்தால்? அதே நிறுவனத்தின் வேறு ரிவால்வர் சாவி போதும், எல்லாம் ஒரே அச்சு. திருடனுக்கும் அதே வசதி.

அப்படியானால் யாரைத் தடுக்க? வீட்டுக் குழந்தையை, அதுவும் அப்பா மறக்காமல் திருகி வைத்தால்.

மற்ற நிறுவனங்கள்? டாரஸ் ஹேமரிலேயே வைத்தது. ரூகர் கைப்பிடிக்குள் ஒளித்தது.

இன்னும் எல்லாவற்றிலும் உண்டா? இல்லை, பூட்டில்லாத மாடல்களையும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விற்கிறது.

ஒப்படைக்கும்போது? ரசீது வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்காதீர்கள்.