அடுப்பங்கரையில் பிரெஞ்சுப் புரட்சி

பிரெஞ்சுப் புரட்சி எப்போது ஆரம்பமாயிற்று என்று எங்கள் பள்ளிக்கூடத்துச் சரித்திர ஆசிரியையைக் கேட்டால், 1789-ம் வருஷம் ஜூலை மாதம் என்று தயங்காமல் சொல்லுவார். ரஸாயனம் கற்பிக்கும் என்னைக் கேட்டாலோ, சென்ற வருஷம் தீபாவளிக்கு மறுநாள் காலை ஐந்தே கால் மணிக்கு எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் என்பேன்.

வெளியூரில் படிக்கும் என் மகள் பண்டிகைக்கு வந்தபோது பெட்டியிலிருந்து ஒரு விசித்திரமான பாத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உருளை வடிவமான கண்ணாடிக் கூஜா, அதைத் தாங்க ஓர் உலோகச் சட்டம், மேலே மூடி, மூடியின் நடுவே மேலும் கீழும் ஓடும் ஒரு கம்பி, கம்பியின் அடியில் வட்டமான சல்லடை. "அம்மா! இதற்குப் பெயர் பிரெஞ்சு பிரஸ். இனிமேல் நீ விடியற்காலையில் எழுந்து வீட்டுக்கெல்லாம் டிகாக்ஷன் போட வேண்டாம். அவரவருக்கு வேண்டிய காப்பியை அவரவரே நாலு நிமிஷத்தில் தயாரித்துக் கொள்ளலாம்" என்றாள்.

எழுபத்தெட்டு வயதான என் மாமியார் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பிரஸ் என்றால் அச்சுக்கூடம் அல்லவா? காப்பியை அச்சடித்தா குடிக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

என் கணவருக்கு வேறு கவலை. "கொட்டை நம் சேர்வராயன் மலையில் விளைந்தது. பால் நம் ஊர்ப் பால். பாத்திரம் மட்டும் பிரான்ஸ் தேசத்திலிருந்தா வரவேண்டும்?" என்றார்.

கேள்வி நியாயமானதாகத் தோன்றியபடியால், அன்று மத்தியானமே இந்தப் பாத்திரத்தின் பூர்வோத்தரத்தை விசாரிக்கலானேன்.

பெயர் ஒன்று, ஊர் பல

1852-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்தில் மேயர், தெல்போர்ழ் என்ற இருவர், காப்பியை ஒரு கம்பியின் நுனியிலுள்ள சல்லடையால் கீழே தள்ளி வடிகட்டும் சாதனத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். அவ்வளவில் இது பிரெஞ்சுச் சரக்குத்தான். ஆனால் அந்தச் சல்லடை பாத்திரத்தின் சுவரோடு ஒட்டி இறங்கவில்லை. இடுக்கு வழியாகத் தூள் மேலே வந்து விடும். 1929-ல் இத்தாலி தேசத்து மிலான் நகரைச் சேர்ந்த கலிமானி, மொனேத்தா என்பவர்கள் இதைத் திருத்தி வேறொரு காப்புரிமை பெற்றார்கள். 1958-ல் பொந்தானீனி என்பவர் இன்னும் சீர்திருத்தினார். அவருடைய பாத்திரத்தைச் செய்தது பிரான்ஸ் தேசத்தில் கிளாரினெட் வாத்தியம் செய்து வந்த ஒரு தொழிற்சாலை! குழாயில் காற்றுக் கசியாமல் அடைக்கும் வித்தை தெரிந்தவர்கள், காப்பித் தூள் கசியாமல் அடைப்பதிலும் சமர்த்தர்களாக இருந்ததில் ஆச்சரியமில்லை. பிற்பாடு டென்மார்க்கு தேசத்துப் போடம் கம்பெனி 1974 முதல் இத்தகைய கூஜாக்களைச் செய்து உலகமெங்கும் பரப்பிற்று. பெயர் மட்டும் பிரெஞ்சுக்காரருடையதாகவே நிலைத்துவிட்டது.

என் கணவரிடம் இதைச் சொன்னபோது இன்னொன்றும் சொன்னேன். பிரான்ஸ் தேசம் நம் காப்பிக்குள் புகுந்தது இன்று நேற்று அல்ல. 1806-ல் நெப்போலியன் இங்கிலாந்தோடு வியாபாரத்தை அடைத்தபோது, பிரான்ஸுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்த காப்பிக் கொட்டை அருகிப் போயிற்று. அப்போது காப்பிக்குப் பதிலாகவும் காப்பியோடு கலந்தும் சிக்கரி வேரை வறுத்துப் பொடித்துக் குடிக்கும் வழக்கம் அங்கே வலுத்தது. இன்று குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் பயிராகி நம்முடைய பில்டர் பொடியில் கலக்கும் சிக்கரி அதுதான். "ஆகவே, பித்தளை பில்டரில் சுதேசிக் காப்பி குடிக்கிறோம் என்று பெருமைப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள்" என்றேன். அவர் பேசாமல் பத்திரிகையைப் பிரித்துக் கொண்டார்.

முதல் நாள் அபஜயம்

சரித்திரம் தெரிந்துவிட்டால் காப்பி போடத் தெரிந்துவிடுமா? மறுநாள் காலை, டப்பாவிலிருந்த வழக்கமான பில்டர் பொடியையே நாலு கரண்டி போட்டு, தளதளவென்று கொதிக்கும் நீரை ஊற்றி, கம்பியை அமுக்கினேன். பாதி வழியில் கம்பி நின்றுவிட்டது. இரண்டு கையாலும் பலமாக அழுத்தினேன். 'புஸ்' என்று மூடியின் ஓரமாகச் சுடு காப்பி சீறி வந்து வலது கையில் கொட்டியது. மூன்று நாள் சாக்குக் கட்டியைப் பிடிக்க முடியாமல், மாணவிகளைக் கொண்டே கரும்பலகையில் சமன்பாடுகளை எழுதச் செய்தேன்.

கூஜாவில் மிஞ்சியதை என் மாமியார் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "காப்பிப் பாத்திரம் கழுவின தண்ணீர் இதைவிட ருசியாக இருக்கும்" என்று தீர்ப்பளித்துவிட்டு, பித்தளை பில்டரை எடுத்துத் துடைத்து யதாஸ்தானத்தில் வைத்தார்.

கை ஆறியபின் யோசித்தேன். தவறு பாத்திரத்துடையதல்ல, என்னுடையதுதான். பில்டரில் வெந்நீர் பொடியின் ஊடே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. பிரஸ்ஸிலோ பொடி முழுவதும் நீரில் மூழ்கி ஊறுகிறது. மாவு போன்ற பொடி நீரில் மூழ்கினால், அதிலுள்ள கசப்புச் சத்தெல்லாம் சீக்கிரத்தில் இறங்கிவிடும். மேலும் அது சல்லடைக் கண்களை அடைத்துக் கம்பியை நகர விடாது. காப்பித் தூளின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்குதான் நீரில் கரையக் கூடியது. அதிலும் 18 முதல் 22 பங்கு வரை கரைந்தால் ருசி. குறைந்தால் புளிப்பு, மிஞ்சினால் கசப்பு என்பது நிபுணர்களின் கணக்கு. சிக்கரியோ காப்பியைவிட மிக அதிகமாகக் கரைவது. பால் கலக்கும் டிகாக்ஷனுக்குக் கருமையும் கனமும் தருகிற அதே குணம், பிரஸ்ஸில் கஷாயத்தைப் போல் ஆகிவிடுகிறது. சிக்கரி கலந்த பொட்டலத்தின்மேல் அது நூற்றுக்கு எத்தனை பங்கு என்று அச்சிட்டிருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். வாங்குமுன் அதைப் படிப்பது நல்லது.

கலப்பில்லாத கொட்டையை வாங்கி, கொரகொரப்பாக அரைத்துத் தரும்படி கடைக்காரரைக் கேட்டேன். "எங்கள் மெஷின் முப்பது வருஷமாக ஒரே தினுசாகத்தான் அரைக்கிறது, டீச்சர்" என்றார் அவர். ஆகையால் கொட்டையாகவே வாங்கி வந்து வீட்டு மிக்ஸியில் விட்டு விட்டு அரைக்கிறேன். சம்பா கோதுமை ரவை போல் இருக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் ரவையோடு தூசியும் சேர்ந்து வரும். மாவு சலிக்கும் சல்லடையில் ஒரு தடவை சலித்துவிட்டால் தூசி கழிந்துவிடும். அந்தத் தூசியையும் எறிய வேண்டாம், பில்டருக்கு ஆகும்.

செய்முறை

அரை லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பொடி. தராசு இல்லாதவர்கள் மேஜைக் கரண்டியால் தலை தட்டி ஐந்து அல்லது ஆறு கரண்டி போடலாம். முதலில் கூஜாவில் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சுழற்றிக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த கண்ணாடி காப்பியின் சூட்டைக் குடித்துவிடும். பொடியைப் போட்டு, கொதித்து இறக்கி அரை நிமிஷம் ஆன நீரை ஊற்றவும். 92 முதல் 96 டிகிரி வரை உஷ்ணம் இருந்தால் உத்தமம். கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இந்த அரை நிமிஷமும் வேண்டாம். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையே அவர்களுக்கு அளந்து கொடுக்கிறது.

நாலு நிமிஷம் கழித்துப் பார்த்தால், பொடி மேலே திரண்டு ஆடை போல் மிதக்கும். ஒரு கரண்டியால் அதை மெதுவாகக் கலக்கினால் பெரும்பகுதி அடியில் போய்விடும். எஞ்சிய நுரையை வழித்து எடுத்துவிட்டு, கம்பியை விரல் கனத்தாலேயே நிதானமாக இறக்க வேண்டும். அமுக்குவதனால் காப்பி உண்டாவதில்லை. அது ஏற்கெனவே உண்டாகிவிட்டது. சல்லடையின் வேலை தூளைப் பிரித்து நிறுத்துவது மாத்திரமே. கம்பி தடுத்தால் பலத்தைக் காட்டாமல், சற்று மேலே தூக்கி மறுபடி இறக்குக. இதை என் வலது கையின் சாட்சியாகச் சொல்லுகிறேன்.

இறக்கியவுடன் முழுவதையும் ஊற்றிவிட வேண்டும். மிச்சம் வைத்தால் அடியில் கிடக்கும் பொடி மேலும் மேலும் ஊறிக் கசக்கும். சல்லடையைத் தினம் கழற்றிக் கழுவ வேண்டும். இடுக்கில் தங்கும் எண்ணெய் சிக்கல் நாற்றம் எடுத்து மறுநாள் காப்பியைக் கெடுத்துவிடும்.

எண்ணெய் செய்த வேலை

எண்ணெய் என்றதும் ஒரு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் கணவருக்கு இரத்தத்தில் கெட்ட கொழுப்பு அதிகம் என்று அந்தத் தீபாவளிச் சமயத்தில்தான் வைத்தியர் சொல்லியிருந்தார். மூன்று மாதம் பத்தியமாக இருந்து பார்க்கலாம் என்று யோசனை. அவர் நெய்யை விட்டார், வடையை விட்டார், பாலும் சர்க்கரையும் விட்டு, பிரஸ்ஸில் போட்ட வெறுங் காப்பியை நாளொன்றுக்கு நாலைந்து கோப்பை குடித்து, தாம் ஒரு தபஸ்வி என்ற எண்ணத்தோடு உலாவினார். மாசி மாதத்தில் மறுபடி பரீட்சை செய்தபோது கொழுப்பு ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

காரணத்தைத் தேடிப் படித்தேன். காப்பிக் கொட்டையின் எண்ணெயில் கபெஸ்டால், காவியால் என்ற இரண்டு வஸ்துக்கள் இருக்கின்றன. இவை இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டக் கூடியவை. காகிதத்தில் வடிகட்டினால் இவை பெரும்பாலும் காகிதத்திலேயே தங்கிவிடும்; உலோகச் சல்லடை இவற்றைத் தடுப்பதில்லை. பிரஸ் காப்பிக்கு நாவில் ஒரு கனம் தெரிகிறதே, அதைத் தருவதில் இந்த எண்ணெய்க்கும் பங்கு உண்டு. நெதர்லாந்து தேசத்தில் ஆறு மாதம் நடத்தி 1996-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், தினம் ஐந்தாறு கோப்பை பிரஸ் காப்பி குடித்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடியிருந்தது. பாலையும் நெய்யையும் துறந்த மனிதர் இந்த எண்ணெயைத் துறக்கவில்லை!

அது முதல் அவருடைய பங்கைக் காகிதத்தில் வடித்துக் கொடுக்கிறோம். அதுவும் இரண்டு கோப்பைதான். அடுத்த பரீட்சையில் கொழுப்புக் குறைந்திருந்தது. ஆனால் அதே மாதங்களில் அவர் காலையில் நடக்கவும் ஆரம்பித்திருந்தார். ஆகையால் முழுப் பெருமையையும் காகிதத்துக்குக் கொடுக்க, ரஸாயனம் படித்த நான் உடன்பட மாட்டேன். கொழுப்பு அதிகமென்று வைத்தியர் சொல்லியிருக்கிறவர்கள் மாத்திரம், எவ்வளவு காப்பி, எப்படி வடித்தது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுவது நலம்.

மூன்று மணிக் காப்பி

பங்குனி மாதத்தில் பள்ளியில் பரீட்சைகள். ஒரு நாள் வழக்கத்துக்கு மாறாக மூன்று மணிக்கே வீடு திரும்பினேன். அடுப்பங்கரையில் என் மாமியார், நான் வைத்துவிட்டுப் போன ப்ளாஸ்கு வெந்நீரை அந்தக் கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி, கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"என்ன அத்தை, கழுவின தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. விரல்களை நீட்டிக் காட்டினார். "பில்டரின் மேல் டப்பாவைக் கீழ் டப்பாவிலிருந்து பிடுங்க இந்த விரலால் ஆகவில்லை. போன வருஷத்திலிருந்தே ஆகவில்லை. நீங்கள் எல்லாரும் வெளியே போன பிறகு யாரைக் கூப்பிடுவது? மூன்று மணிக் காப்பியை விட்டுவிட்டேன்" என்றார்.

ஒரு வருஷமாக! எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் வந்து கலந்து கொடுக்கும் காப்பியை அவர் அவ்வளவு ஆவலோடு வாங்கிக் குடிப்பதைப் பார்த்து, என் கைப்பக்குவத்தின் பெருமை என்றே நினைத்திருந்தேன்.

கூஜாவைப் பார்த்தேன். நாலு கரண்டிப் பொடிக்கு ஒரு டம்ளர் நீர்தான் விட்டிருந்தார். "நீ செய்கிறபடி நீர்க்க விட்டால் பால் தாங்காது. ப்ளாஸ்குத் தண்ணீருக்குச் சூடும் போதாது. அதனால் ஏழு நிமிஷம் ஊற விடுகிறேன்" என்று விளக்கினார். உஷ்ணம் குறைந்தால் காலத்தைக் கூட்டு என்பது நான் வகுப்பில் நடத்தும் பாடம். அவர் அதை எந்த வகுப்பிலும் படித்தவரல்லர். கம்பியும் ஒரு விரல் கனத்தில் இறங்கிற்று. பாலில் கலந்து எனக்கும் அரை டம்ளர் கொடுத்தார். பில்டர் காப்பி என்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல காப்பி.

எங்கள் வீட்டுப் புரட்சியில் யாருடைய தலையும் போகவில்லை. காலையில் பித்தளை பில்டரே அரசு செலுத்துகிறது. அதன் டப்பாக்களைப் பிரித்து வைப்பது என் கணவரின் பொறுப்பு. மத்தியானம் மூன்று மணிக்குக் கண்ணாடிக் கூஜாவின் ஆட்சி. நேற்றுக் காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது மாமியார் கூப்பிட்டு, "அடுத்த தடவை கொட்டை அரைக்கும்போது இன்னும் கொஞ்சம் கொரகொரவென்று அரை, அம்மா. அடியில் மண்டி தங்குகிறது" என்றார்.