‘இன்னைக்குப் பால் இல்ல’

இந்த மூன்று சொற்களைச் சென்னையில் ஒருவர் சொன்னால், காப்பிக்குப் பால் வரவில்லை என்று பொருள். மலேசியாவின் சாஆ வட்டாரத்து ரப்பர்த் தோட்டத்தில் ஒரு காலத்தில் இதற்குப் பொருளே வேறு: மழை பெய்துவிட்டது, பாலுக்காக மரத்தின் பட்டையை வெட்ட முடியாது, இன்றைய சம்பளம் போச்சு.

யோங் பெங்கிலிருந்து சிகாமட் போகும் வழியில், லாபிசுக்கு முன்னால் இருக்கிறது சாஆ. இந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு ரப்பர் மரம் என்றால் பால்மரம். விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்தில், பெயர் கொடுத்துவிட்டுத் தங்கள் நிரைக்கு, அதாவது மரவரிசைக்கு, போவார்கள். பட்டையைச் சாய்வாகச் சீவினால் மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், சொட்டுவது பால். மங்கிலேயே உறைந்துபோனது கட்டிப்பால். வெட்டுக்காயத்தின் மேல் இழையாகக் காய்ந்து ஒட்டியிருப்பது ஒட்டுப்பால். மறுமுறை வெட்டுமுன் அதை உரித்தெடுக்க வேண்டும். உரித்த கைக்குத்தான் அந்தச் சொல்லின் முழுப்பொருள் தெரியும்.

‘தண்டல்’ என்ற சொல்லும் இப்படி இடத்துக்கு இடம் பொருள் மாறுவதுதான். தமிழ்நாட்டில் அது வசூல். இங்கே அது ஓர் ஆள், தோட்டத்தில் வேலை வாங்கும் மேற்பார்வையாளர். மலாய்க்காரர்களும் ‘தண்டில்’ என்று எடுத்துக்கொண்டார்கள். எந்த வேளையிலும் பசி தீர்வதைக் குறிக்கும் ‘பசியாறுதல்’, மலேசியாவில் காலை உணவுக்கே உரியதாகச் சுருங்கிவிட்டது. காலையில் ஒருவரைப் பார்த்ததும் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்பதில் எவ்வளவு அன்பு இருக்கிறது!

தொல்காப்பியர் தம் இலக்கண நூலின் உரியியல் பகுதியில் எல்லாச் சொல்லுக்கும் பொருள் சொல்லவில்லை. வழக்கில் பழகாத சொல்லைப் பழகிய சொல்லால் விளக்குவதே அவர் வழி. நேற்றுப் பழகியது இன்று பழகாததாகிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில், ‘ஒட்டுப்பால்’ என்றால் என்ன என்று பேரப்பிள்ளை கேட்கிறது. தாத்தா சொல்லிவிடுவார். அவருக்குப் பிறகு?

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924இல் வெளிவரத் தொடங்கி 1936இல் ஆறு தொகுதிகளாக முடிந்தது. க்ரியா அகராதி 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கைத் தமிழுக்கு இடம் கொடுத்தது. மலேசியத் தோட்டத்தமிழுக்கும் அந்த மரியாதை வேண்டும். வெறும் சொற்பட்டியல் போதாது. பால் வெட்டியவர்களை உட்காரவைத்து, அவர்கள் வாக்கியத்தோடு, கையில் பிடித்த கத்தியின் படத்தோடு எழுதவேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் அடுத்த பள்ளி விடுமுறையிலேயே மாணவர்களை அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அனுப்பலாம்.